சவாரித் திடலுக்குக் கட்டின சாப்பாடு

இஞ்சாருங்கோ,

கனடாவில இருந்து வந்த உங்கடை அண்ணை குடும்பத்தை மாட்டுவண்டிச் சவாரி பாக்கக் கூப்பிட்டது நீங்கள். "செலவில்லாமல், ஆனால் வடிவா இருக்கோணும்" எண்டதும் நீங்கள். கட்லெட்டை வாழையிலையில சுத்தி நூலால கட்டி மேசையில வைச்சிருக்கிறன். விரிப்பு என்ரை வெள்ளைச் சீலையில தைச்சது. தேசிக்காய் பிழிஞ்ச தண்ணிப் போத்திலைச் சரிக்காமல் காரில வையுங்கோ.

நான் உங்களோடை வரேல்லை. நேற்றுப் பின்னேரம் அண்ணிக்குப் போனில என்ன சொன்னியள்? "தயாளினி பரிமாறத்தான் வருவா. அவவுக்குச் சவாரியைப் பற்றி என்ன தெரியும்?" குசினியில சமைச்சுக்கொண்டு நிண்ட எனக்கு வடிவாக் கேட்டது. இண்டைக்கு ஓடுற என்ரை தம்பி கஜீவன்ரை சோடி மாட்டைக் கண்டுக்குட்டியில இருந்து வளத்தது நான்தான். மறந்திட்டியளோ?

சைக்கிளில முன்னுக்குப் போறன். தம்பியின்ரை வண்டியடியிலதான் நிப்பன். பரிமாறுறதை நீங்களே பாருங்கோ.

தயாளினி

பி.கு: பிரஷர் குளிசை போடாமல் வெளிக்கிடாதேங்கோ.

இன்னொண்டு: மேசையில இருக்கிறது விருந்தாளியளுக்கு மட்டும் கணக்கு. உங்கடை பங்கை நான் கொண்டு போறன். பசிச்சா வண்டியடிக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால என்னட்டைக் கேளுங்கோ.