ஒரு குழியில் மூன்று முளை

மார்ச் 3
இடது கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கல்தான். இருக்கட்டும்.
பக்கவாதத்தில் வலது கை விழுந்து நாலு மாதம். தையல் மெஷின் துணி போர்த்திக் கிடக்கிறது. "பொடி வேலையா செய்யுங்கம்மா, விரலுக்கு அதுதான் மருந்து" என்றார் பிசியோதெரபிஸ்ட். பயறு பொறுக்கி அலுத்துவிட்டது. இன்று சுவிஸ் சார்ட் கீரை. நேற்றே ஊறப்போட்ட முண்டுமுண்டான விதை. இருபது குழி, எல்லாம் வலது கையால்.

மார்ச் 12
முளைத்துவிட்டது! ஒரு விதைக்கு மூன்று முளை, நாலு முளை. ஒவ்வொரு முண்டுக்குள்ளும் பல விதை ஒட்டிக்கொண்டிருக்குமாம். குழிக்கு ஒன்றை விட்டு மற்றதை நறுக்க வேண்டும். பிடுங்கினால் பக்கத்து வேரும் கூட வந்துவிடும். நூல் வெட்டும் என் சின்னக் கத்தரிக்கு வேலை வந்தாச்சு.

மார்ச் 14
கை நடுங்கி முதல் குழியில் மூன்றும் போச்சு. இரண்டாவதும் அப்படியே. நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 15
இவர் வேலைக்குக் கிளம்பும் முன் மீதிப் பதினெட்டு குழியையும் நறுக்கி முடித்திருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்! சாயங்காலம் பஸ்ஸை டெப்போவில் விட்டு வந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.
"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."
"கஷ்டப்படத்தானே போட்டேன்? என் கை எனக்கு வேணாமா?"
அழுதுவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன் — யூனிபார்ம் சட்டையில் பட்டன் இல்லை, ஊக்கு. எத்தனை நாளாக? என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஏன் என்று எனக்கே தெரியும்.

மார்ச் 16
பக்கத்தில் புதுப் பாத்தி. மறுபடி இருபது. "இந்தப் பக்கம் வந்தீங்க, சோறு கிடையாது" என்றேன்.
"சமைக்கிறதே நான்தானே?" என்கிறார்.

மார்ச் 28
மூச்சைப் பிடித்துக்கொண்டு நறுக்கினேன். பதினொன்று பிழைத்தது. காலியான ஒன்பதிலும் திரும்ப விதை போட்டாச்சு. விடுவேனா?

ஏப்ரல் 10
ஒன்பதில் எட்டு!

மே 24
முதல் அறுவடை. சிவப்புத் தண்டு, மஞ்சள் தண்டு, என் உள்ளங்கையை விடப் பெரிய இலைகள். இவர் இரண்டு பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். "எது நான் நறுக்கினது, எது நீ நறுக்கினதுன்னே தெரியலையே."
பிறகு உள்ளே போய் அந்தச் சட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சட்டைக்கு மேலே தனியாக ஒரு பட்டன். "அவசரம் இல்ல" என்றார்.
முதல் தடவையிலேயே ஊசியில் நூல் கோத்தேன் என்று எழுத ஆசைதான். நாலாவது தடவை.