ஞாயிறு எனக்கு

தை மாதம், முதல் சனி, இரவு.

ஓர்ஸ் ஹில் கந்தோரில் மனேஜர் இன்றைக்கு எல்லாரையும் கூப்பிட்டு, இந்த வருசம் எதில் முன்னேறப் போறியள் என்று கேட்டார். ஒருத்தி டிப்ளோமா என்றாள். இன்னொருத்தர் சிங்களம் என்றார். நான் சொன்னனான், "இனி ஞாயிறில வேலைக்கு வர ஏலாது சேர். நீந்தப் பழகப் போறன்."

"ஓய்வெடுக்கிறதும் முன்னேற்றமோ, பிள்ளை?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"ஓம் சேர். போன மாதம் இந்தக் கதிரையிலதான் மயங்கி விழுந்தனான்."

சிரிப்பு நின்றது.

"அப்ப பதவி உயர்வை மறந்திடுங்கோ."

"மறந்திட்டன்."

குரல் நடுங்கவில்லை.

இப்ப அவர்தான் ஃபோனில் கூப்பிடுகிறார். நாளைக்கு வரச் சொல்லத்தான் இருக்கும். அடிக்கட்டும். எடுக்கமாட்டன். விடிய நான் கடலுக்குள் நிற்பன்.