உன் உதட்டில் படித்தது

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். நீ அங்கே நலமா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்பேன், இந்தத் தடவை கேட்கவில்லை, நீ நலமாக இல்லை என்று தெரிந்துவிட்டது. பயப்படாதே, இது ஆபீஸ் முகவரிக்கு வரவில்லை, மேனேஜர் கையில் சிக்காது. என்னோடு தறி ஓட்டுகிற நெட்டச்சியின் நாத்தனார் உங்கள் ஸ்டுடியோவில் உடைகளுக்கு இஸ்திரி போடுகிறாளாம், அவள்தான் உன் உடைக்குள் மடித்து வைப்பாள். உடை மாற்றும் அறையிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போடு. அப்பாவுக்கு முட்டி வலி குறையவில்லை, பஸ் டிப்போவில் இப்போது உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள், அதற்கும் முணுமுணுக்கிறார். என் வலது காது முழுதாகப் போய்விட்டது. டாக்டர் காது மிஷின் கொடுத்தார், மாட்டினால் அப்பா முணுமுணுப்பதெல்லாம் கேட்கிறது, அதனால் கழற்றி வைத்துவிட்டேன். உன் அறையில் கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகுகிறது, கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறோம்.

படம் பார்த்த கதையைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், மனதில் வைத்துக்கொண்டு என்னால் எழுத முடியாது. நீ பஸ் ஸ்டாப்பில் நின்று ராப் பாட ஆரம்பித்தபோது தெருவே சிரித்தது, தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். அந்த வேகத்தில் நீ சொல்வது யாருக்கும் பிடிபடாது, எனக்கு மட்டும் ஒரு வார்த்தை தப்பாது. இருநூறு தறி ஓடுகிற கூடத்தில் காது எதற்கு, நாங்கள் ஒருத்தி உதட்டை ஒருத்தி பார்த்துத்தானே இருபது வருஷமாகக் குடும்பக் கதை பேசுகிறோம். நீயும் பள்ளி விட்டு வந்து தறிக்கூடத்து ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, பசிக்கிறது, டீச்சர் அடித்தாள் என்று உதட்டாலேயே சொல்வாய். மில் வாசலில் லாரி மேல் ஏறி, நூல் பாபின் மாட்டுகிற நம் பாபின் அக்காவுக்கு மிஷினில் விரல் போனதை நீ பாடினாயே, அன்றைக்கு மில் மேலாளர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு எவ்வளவு குளிர்ந்தது தெரியுமா. அது ஊரெல்லாம் போனில் பரவியது, வாயாடி என்ற உன் பட்டப்பெயரே மேடைப் பெயர் ஆனது. பிறகு வசவு வந்தது, கல் வந்து ஜன்னல் உடைந்தது, நான் நடுங்கிப்போனேன். அந்த நேரம் பார்த்து அந்த சினிமா மேனேஜர் வந்தான், நம் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தான், முகவெட்டு நன்றாக இருக்கிறது, சினிமாவுக்கு வந்தால் மரியாதை என்றான். நீ வேண்டாம் என்றாய். நாலு பேர் மதிக்கிற தொழில் என்று சொல்லிச் சொல்லி உன் கையில் பேனாவைத் திணித்தது நான்தான். ஐந்து வருஷ ஒப்பந்தத்தை ஒரு பக்கம்கூட நான் படிக்கவில்லை.

முதல் நாளே போனோம், மில்லிலிருந்து முப்பது பேர். நீ திரையில் வந்ததும் நெட்டச்சி அடித்த விசில் காது மிஷின் இல்லாமலே எனக்குக் கேட்டது. அப்பா மட்டும் இது யார் குரல் என்று என்னைப் பிடுங்கி எடுத்தார், யாரோ ஒருத்தி சர்க்கரைப் பாகு மாதிரி பேசுகிறாளாம். உன் குரல் கரகரப்பு என்று டப்பிங் வைத்துவிட்டார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. எனக்கென்ன, நான் உன் வாயைத்தானே பார்க்கப் போகிறேன் என்று இருந்தேன். கதாநாயகன் உன்னை விட்டுப் போகிறான், நீ மழையில் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அழுகிறாய், அங்கே வசனமே இல்லை, வயலின் மட்டும்தான் என்று அப்பா சொன்னார். வசனம் இல்லையென்றால் உதடு ஏன் அசைகிறது. நான் படித்தேன். "அம்மா, வந்து என்னக் கூட்டிட்டுப் போ. உள்ள வச்சுப் பூட்டுறாங்க." இரண்டு தடவை சொன்னாய். உன் குரலே வேண்டாம் என்று வைத்துவிட்டவர்கள் நீ என்ன பேசுகிறாய் என்று கவனிக்கவா போகிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன், படத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கும் போடி என்றார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினவர் பாதியில் நின்றுவிட்டார். படத்தில் அந்தப் பெண்ணுக்கு அம்மாவே கிடையாது, அநாதை. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, பெற்றவள் கண்ணுக்கு இல்லாததும் தெரியும் என்று என்னையே சந்தேகப்பட்டேன். மூன்று பேரை ஒவ்வொருவராக, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், மறுபடி கூட்டிப்போனேன். முதல் நாள் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தவர்கள்தான், இந்தத் தடவை அந்த ஜன்னல் வரும்போது உன் வாயைப் பார் என்று மட்டும் சொன்னேன். பாபின் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கேன்டீன்காரி எழுந்து வெளியே போய்விட்டாள். நெட்டச்சிதான் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, நான் பார்க்கும்படி சொன்னாள். "உன் பொண்ணு நடிக்கல. உன்னக் கூப்பிடுறா." அதற்குப் பிறகுதான் அவள் நாத்தனாரிடம் விசாரித்தோம். நாலாவது மாடியில் வீடு, சாவி மேனேஜரின் தங்கையிடம், கார் விட்டால் ஸ்டுடியோ, ஸ்டுடியோ விட்டால் கார், நீ யாரோடும் பேசுவதில்லை, அங்கே உன்னை ஊமை என்று கூப்பிடுகிறார்கள் என்றாள். உன்னையா. அதை நெட்டச்சி உதட்டில் படித்த அன்று நான் தறியை நிறுத்திவிட்டு வந்துவிட்டேன்.

இதில் என்னைத் தூங்கவிடாதது வேறு. அந்தக் காட்சி எடுத்துப் பதினாலு மாதம் ஆகிறதாம், டைரக்டரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நீ கூப்பிட்டுப் பதினாலு மாதம், நான் உன் போஸ்டரை வாசலில் ஒட்டி அழகு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். உன் பெயரில் டைப் அடித்து வந்த கடிதங்களைக் கூடம் முழுக்கக் காட்டினேன். அன்புள்ள தாயாருக்கு என்று நீ என்றைக்கடி என்னைக் கூப்பிட்டிருக்கிறாய், அதுகூட எனக்கு உறைக்கவில்லை. நடுவில் ஒரு தடவை நீ போன் செய்தாய், எனக்கு எதுவும் கேட்கவில்லை, சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்குச் சரி சொன்னேனோ. பல்லைக் கடித்துக்கொண்டு இரு, திரும்பி வந்தால் ஊர் சிரிக்கும் என்று ஒரு கடிதம் எழுதினேன் பார், அதை மட்டும் அவர்கள் உன்னிடம் கொடுத்திருப்பார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை வருகிறோம். அப்பா, நான், நெட்டச்சி, யூனியன் வக்கீலம்மா. இங்கே போலீசில் சொன்னதற்கு விளம்பரம் தேடுகிறீர்களா என்று சிரித்தார்கள், அதனால்தான் வக்கீலம்மா. ஒப்பந்தம் வேலைக்குத்தான், கதவைப் பூட்ட எந்தக் காகிதத்திலும் இடமில்லை என்று சொல்லியிருக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டுடியோ வாசலில் நிற்போம். மேக்கப்போடு இருந்தால் அப்படியே வா, துணிமணி எதுவும் வேண்டாம். யாரும் தடுத்தால் நாங்கள் உள்ளே வருவோம். அதுவரை வேளைக்குச் சாப்பிடு, தூங்குவதற்கு என்று எந்த மாத்திரை கொடுத்தாலும் விழுங்காதே. உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வந்த பிறகு பாடு என்றும் சொல்ல மாட்டேன், நடி என்றும் சொல்ல மாட்டேன், உன் விஷயத்தில் நான் முடிவெடுத்தது போதும்.

உடம்புக்கு ஒன்றும் ஆகாமல் நீ என் கைக்கு வந்து சேர வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு. அப்பா தன் ஆசியையும் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை, மதியம். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், கோபத்தோடேயே வா.

பதினாலு மாதம் தாமதமாகப் புறப்படும்
உன் அம்மா