அக்காவின் சாய்வில் இறுகிப்போன நாற்காலி

என் ஆசை அஞ்சலை அக்காவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. நம் வீடு ஒழுகவில்லை, கவலைப்படாதே. உன் நாற்காலி மட்டும் நனைந்திருக்கிறது. முதுகு சாயும் இடத்தில் அகலமாக, நீ இப்போதுதான் எழுந்து போன மாதிரி ஈரம். போன வாரம் வந்த உன் மகள் செல்வி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கூரையை அண்ணாந்து பார்த்தாள். சென்னைக்குப் போய் உப்பையே மறந்துவிட்டாள் போலிருக்கிறது. உப்பு ஏறிய பஞ்சு மழைக்காற்றில் கசியும் என்று நான்தான் சொன்னேன்.

ரிக்ளைனர் என்கிற அந்தச் சாய்வு நாற்காலியை ஆசையாக வாங்கி அனுப்பியவளும் அவள்தானே? கல்யாணமான நாளிலிருந்து குனிந்து குனிந்து உப்பு வாரிய உன் முதுகு இனியாவது சாயட்டும் என்று நினைத்தாள். வண்டியிலிருந்து இறக்கியதும் நீ அதைச் சுற்றிச் சுற்றி வந்தாய். "இது சேரா, கட்டிலா? ஏதாவது ஒண்ணா இருக்கச் சொல்லுடி" என்றாய். முதல் சில நாள், வரப்பில் உட்காருவது போல அதன் நுனியில் குந்தியிருந்தாய். ஒருநாள் நான் உன்னைப் பின்னால் தள்ளிக் கைப்பிடியை இழுத்துவிட்டேன். கால் மேலே வந்தது, தலை பின்னால் போனது. "அய்யய்யோ, கவுத்துட்டாளே பாவி!" என்று நீ போட்ட சத்தத்தில் தெரு நாய் எழுந்து குரைத்தது.

அப்புறம் நீ அதை விட்டு இறங்கினால்தானே? என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாய். நான் குனிந்து தைப்பேன், நீ சாய்ந்துகொண்டு அதிகாரம் செய்வாய். "ரவிக்கை கைய கொஞ்சம் லூசா வை. போன தடவையே அவ திட்டிட்டுப் போனா." இப்போது யாரும் எனக்கு எதுவும் சொல்வதில்லை. நான் தைத்த ரவிக்கையை நானே பிடித்துப் பார்த்து நானே தலையாட்டிக்கொள்கிறேன்.

உப்பை வறுத்துத் துணியில் மூட்டை கட்டி, இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சாய்வாய். அந்தச் சூட்டில் உன் முகம் இளகுவதைப் பார்க்க எனக்கே சுகமாக இருக்கும். ஆனாலும் வாய் சும்மா இருக்காதே. "சேருக்கு உப்பு ஆவாதுக்கா" என்பேன். "உப்பு ஆவாதுன்னா அது இன்னாத்துக்கு நம்ம மரக்காணத்துக்கு வந்துது?" என்பாய். உப்பளத்து உப்பு துணி வழியாகப் பொடிந்து பொடிந்து உள்ளே இறங்கியது. ஒரு மழைக்காலம்தான். உள்ளிருந்த இரும்பெல்லாம் துருப்பிடித்து, நீ பாதி சாய்ந்திருந்த நிலையிலேயே நாற்காலி இறுகிவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்றதற்கு, "உடு, எனக்கு இதுதான் தோதா இருக்குது" என்றாய்.

தை மாதம் மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். வீட்டுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

அன்றைக்கு நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். ஊர்ப் பெண்கள் வந்து உன்னைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். என்னால்தான் தரையில் உட்கார முடியாதே? தையலில் போன முதுகு, அந்த வாரம் பார்த்து முழுசாகப் பிடித்திருந்தது. குனிந்து உன் முகத்தைத் தொடுவதற்குக்கூட செல்வி என்னைத் தாங்க வேண்டியிருந்தது. "கூடப் பொறந்தவ, ஒரு சொட்டு கண்ணீர் உடாம நிக்கிறா பாரு" என்று பக்கத்து வீட்டு தனம் சொன்னது என் காதில் விழுந்தது.

தனியாக அழுதுகொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை அக்கா. படுத்து விம்மினால் இடுப்பில் சுரீர் என்று இழுக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. நடந்தால் அழுகை நின்றுவிடுகிறது. மறுபடி மழைக்காலமே வந்துவிட்டது, உனக்காக நான் இன்னும் ஒருதடவைகூட முழுசாக அழவில்லை. நீ இருந்திருந்தால், "அழுது தொலைடி" என்று முதுகைத் தேய்த்துவிட்டிருப்பாய்.

உன் நாற்காலி இருக்கிறதே என்கிறாயா? உட்கார்ந்து பார்த்தேன். நீ நெட்டை, நான் குட்டை. உன் சாய்வில் என் கால் தொங்குகிறது, இடுப்பு முன்னால் சறுக்குகிறது, வலி இரண்டு மடங்கு ஆகிறது. பாண்டிச்சேரியில் பிசியோதெரபி கொடுக்கிற பெண் சொன்னாள்: "ஆன்ட்டி, இடுப்பு நல்லா பின்னால ஒட்டணும். நடு முதுகு காலியா இருக்கக் கூடாது, துண்டு சுருட்டி வெச்சுக்கங்க. கால் தொங்கக் கூடாது. அப்பப்ப எழுந்து நடங்க." இறுகிப்போன நாற்காலியில் இதில் எதைச் செய்வது?

செல்வி போனில் சொன்னாள்: "சித்தி, அத தூக்கிப் போட்டுடு. உனக்குப் புதுசா ஒண்ணு அனுப்புறேன், ஞாயித்துக்கிழம வண்டி வருது." எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "உங்கம்மா துணிமணியையும் சேத்து தூக்கிப் போடு" என்று கத்தினேன். அவளும் விடவில்லை. "எனக்கும் அவ அம்மா இல்லியா சித்தி? அந்த ஈரத்தப் பாத்தா அம்மா இப்பதான் எழுந்து போன மாதிரி இருக்குது. உன் முதுகாவது நல்லா இருக்கட்டும்னுதான் சொன்னேன்" என்றாள். வண்டி வேண்டாம், ரிப்பேர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து போட் இன்ஜின் பார்க்கிற குமாரை வரச் சொன்னேன். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கருவாடு மாதிரி உப்பு போட்டு வெச்சிருக்கீங்க?" என்றான். சுத்தியலால் தட்டினால் விட்டுவிடுமாம். ஆனால் இப்போது நிற்கிற இந்தச் சாய்வில் மறுபடி நிற்கும் என்று சொல்ல முடியாதாம். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கிருந்து எங்கே வைத்து அளப்பது? ஊரில் பாதிப் பேர் உடம்பளவு எனக்கு மனப்பாடம். நீ சாய்ந்திருந்ததை அளக்க மட்டும் தெரியவில்லை.

"தட்டு" என்றேன். எண்ணெய் விட்டு விட்டுத் தட்டினான். படார் என்று நாற்காலி நிமிர்ந்துகொண்டது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன், அவனுக்கு டீ போடுகிற சாக்கில்.

அவன் போன பிறகு ஈரத்தின் மேல் பெட்ஷீட்டை மடித்துப் போட்டேன். இடுப்பைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி வைத்து, கைப்பிடியை மெதுவாக இழுத்தேன். கொஞ்சம் சாய்ந்தேன், போதவில்லை; இன்னும் கொஞ்சம். ஓரிடத்தில் வலி விட்டது. திரும்ப வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அப்போதுதான் அக்கா, அழுகை வந்தது.

தெருவுக்கே கேட்டிருக்கும். தனம் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். "இன்னாடி மல்லிகா, யாருக்கு இன்னா ஆச்சு?"

"எங்கக்கா செத்துட்டா தனம்" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "யக்கா, என்னப் பெத்த யக்கா" என்று உனக்கு ஒப்பாரி எடுத்தாள். நானும் சேர்ந்துகொண்டேன்.

இனி அழுகை வந்தால் நின்றுகொண்டு விழுங்கமாட்டேன் அக்கா, இது சத்தியம். நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு அழுவேன். நடுவில் எழுந்து நாலு நடை நடந்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து அழுவேன்.

உன்னைவிடக் குட்டையான உன் ஒரே தங்கச்சி,
மல்லிகா