எங்கள் சந்துக்குப் பச்சை நிறம்

மே 6

கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வருகிறது. படித்ததெல்லாம் மலையாளத்தில், பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

வரலாறு, சமூகவியல், சுற்றுச்சூழல் மூன்றையும் கலக்கி மூன்று வாரத்தில் புகட்டும் கோடைக்காலப் பல்கலைக்கழக வகுப்பு. மட்டாஞ்சேரியின் பழைய அரிசி கோடவுனுக்கு ஏ.சி. போட்டு, உள்ளே உட்கார்ந்து பூமி சூடாவதைப் பற்றிப் பேசுகிறோம். மதியச் சாப்பாடு பிளாஸ்டிக் டப்பாவில். சிரிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

எந்தத் தெருவில் வேலியேற்றத் தண்ணீர், அதாவது கடல் ஏறும்போது காயலில் பொங்கும் தண்ணீர், வீட்டுக்குள் ஏறுகிறது என்று கணக்கெடுக்கப் போகிறோம். எங்கள் சந்தின் கணக்கை நான் எடுக்கிறேன் என்றேன். வகுப்பை நடத்தும் ஸுப்ரியா டீச்சர் முடியாது என்றுவிட்டார். சொந்த இடமென்றால் நடுநிலை இருக்காதாம். கலூரிலிருந்து வரும் அனிலுக்கு எங்கள் சந்து. எனக்கு இடக்கொச்சி.

கார்த்திகை மாதம் அடுப்படியில் காயல் தண்ணீரில் நின்று தோசை சுடுபவளின் மகளுக்கு நடுநிலை கிடையாது. சரி.

மே 9

இடக்கொச்சி. வெயில். செருப்பு அறுந்தது. டீச்சர் மேல் இருந்த கோபத்தில் அதை ஓடையிலேயே வீசிவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறினேன். சுற்றுச்சூழல் மாணவி! வீட்டுக்குப் போகாமல் ராத்திரி வகுப்புத் தோழி வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

மே 10

அனில் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினான். தண்ணீர் ஏறும் தெரு சிவப்பு, ஏறாத தெரு பச்சை. எங்கள் சந்து பச்சை.

அவனைப் பிடித்து உலுக்காத குறை. பாவம், அவன் என்ன செய்வான்? எல்லா வீட்டிலும் கேட்டோம், தண்ணீர் வருவதே இல்லை என்றார்கள், உன் அம்மா சுவரைக்கூடத் தொட்டுக் காட்டினார் என்றான். அம்மா கொடுத்த சாயாவும், நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரியும் நன்றாக இருந்ததாம்.

ஓடி வந்து பார்த்தால் கட்டில் தரையில் கிடக்கிறது. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்திய கட்டில். ஃப்ரிட்ஜும் கீழே இறங்கியிருந்தது. சுவரில் உப்புப் பூத்திருந்த இடமெல்லாம் புதுச் சுண்ணாம்பு. நான் இடக்கொச்சியில் வெயில் காய்ந்த நேரத்தில் இத்தனையும் நடந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் டீச்சர்கள் வீடு பார்க்க வருவார்களே, அதுபோல என்று அம்மா நினைத்திருக்கிறாள்.

"உன் டீச்சர்மாரு வாராவன்னா வீடு வீடு மாதிரி இருக்கணும்லாட்டி? ஓடைத் தண்ணிக்குள்ள கிடக்கிற பிள்ளைன்னு உனக்கு மார்க்கைக் குறைச்சுட்டாவன்னா?"

தான் மட்டும் செய்தால் போதாதென்று பக்கத்து வீட்டு மாயம்மாள் அத்தையையும் பிடித்து, சந்து முழுக்கச் செங்கல்லை உருவவைத்திருக்கிறாள்.

மார்க்கே கிடையாது அம்மா. இந்த வகுப்பில் மார்க்கே கிடையாது.

மே 12

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் இன்னும் எரிச்சல். ஒரு மாணவி சொல்வதை வைத்து வீட்டுக்காரர்கள் சொன்னதை மாற்ற முடியாதாம். வீட்டுக்காரர்களே சொன்னால் திருத்தலாம். டிசம்பரில் அறிக்கை கவுன்சிலரிடம் போகும். சிவப்புத் தெருக்களின் ஓடைக்குத்தான் முதலில் தண்ணீர் தடுக்கும் ஷட்டர்.

அம்மாவிடம் கெஞ்சினேன். வரமாட்டாளாம். ஒரு வாரத்துக்குள் வாக்கை மாற்றிச் சொல்ல அவள் என்ன கிறுக்கியா என்கிறாள். மாயம்மாள் அத்தை, அம்மா சொன்னால் தானும் சொல்வாளாம். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அப்படியானால் தண்ணீரிலேயே கிடப்போம். எனக்கென்ன.

மே 23

கடைசி நாள். கவுன்சிலர் முன்னால் அனில் பச்சை நிறத்தை விளக்கினான். என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து, அது என் அம்மா பூசிய பச்சை என்றேன். செங்கல், சுண்ணாம்பு, பழம்பொரி எல்லாவற்றையும் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கவுன்சிலரும் சிரித்தார்.

எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போயிருந்தது.

"ஊர் சிரிக்கத்தான் உன்னைப் படிக்க அனுப்பினேனா?"

அம்மா அவ்வளவுதான் பேசினாள். செய்தது சரியா? சரிதான். ஆனாலும் அந்தச் சிரிப்பு காதிலேயே நிற்கிறது. சிரித்தவன் யாரென்று தெரிந்தால் அறைவேன்.

ஜூன் 2

மழை. அம்மா என்னிடம் பேசுவதில்லை. சோறு மட்டும் வருகிறது.

ஜூலை 14

சான்றிதழ் தபாலில் வந்தது. நல்ல கெட்டித் தாள். பேச்சு ஓரளவு வந்துவிட்டது, வகுப்பைப் பற்றி மட்டும் இல்லை. செங்கல் இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது. அம்மாவின் வீம்பு.

நவம்பர் 22

விடியும் முன்பே தண்ணீர் வந்துவிட்டது. தரையில் கிடந்த கட்டிலின் மெத்தை ஊறிப்போனது. ஃப்ரிட்ஜ் ஒரு சத்தம் போட்டு நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் 'பார்த்தாயா' என்று கேட்க வாயைத் திறந்தேன். அம்மா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் மிதந்த என் புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன்.

புத்தகங்களைப் பரண்மேல் வைத்துவிட்டு, ஸுப்ரியா டீச்சருக்குப் போன் போட்டுக் கொடு என்றாள். முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினாள். கொடுத்தேன்.

"டீச்சர், நான் மாளவிகா அம்மா பேச்சியம்மா. அன்னைக்கு நான் சொன்னது பொய். இப்பம் வீடு வீடு மாதிரியே இல்ல. கவுன்சிலரையும் கூட்டிட்டு வாங்க, நாங்க ஒண்ணையும் ஒதுக்கி வைக்கல."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயாவுக்குப் பால் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.