ஆளில்லாத மண்டபத்துக்கு ஒரு வணக்கம்

ஞாயிறு, வத்தேகம

ஆராதனை முடிந்ததும் வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாஸ்டரிடம் கேட்டுவிட்டேன்.

"இவரு கராத்தே படிச்சுக் குடுக்கிற எடத்துல குனிஞ்சு குனிஞ்சு கும்பிடுறாங்க பாஸ்டர். நம்ம விசுவாசத்துக்கு அது சரியா?"

பாவம் என்று சொல்லிவிடுவார், இவரும் சாயங்காலங்களில் வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன்.

பாஸ்டர் இவரைப் பார்த்தார். "சாமியா நெனச்சுக் கும்பிடுறீங்களா தம்பி?"

"இல்ல பாஸ்டர். மரியாதைக்குத்தான்."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா" என்று சிரித்தார்.

பின்னேரம் மழை. கராத்தே மண்டபத்துக்குக் குடை கொண்டுபோனேன். பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். இவர் லைட்டை அணைத்துவிட்டு, வாசலில் திரும்பி நின்று, ஆளில்லாத அந்த மண்டபத்துக்கு இடுப்பு வளைய வணக்கம் வைத்தார். எவ்வளவு நிதானம், எவ்வளவு பணிவு! பிறகுதான் என்னைக் கண்டார். "குடையா? குடு" என்றார்.

மத்தியானம் வீட்டிலிருந்து இறங்கியபோது என் பக்கம் திரும்பக்கூட இல்லை. 'போயிட்டு வர்றேன்' என்று ஒரு சொல் இல்லை.

அந்த வணக்கத்தில் ஆண்டவருக்குப் பிரச்சினை இல்லையாம். எனக்கு இருக்கிறது.