சாமி மாடத்தில் ஏறிய ஹார்ட் டிஸ்க்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
வெள்ளிக்கிழமை

என் கண்ணு கீர்த்திக்கு, பெறாமலே உன்னை வளர்த்த பெருமையுடையவனும் இந்தத் தெருவின் முடிசூடாத சக்கரவர்த்தியுமான சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் சித்தியும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தனி ராஜ்ஜியம் கேட்டு அடம்பிடிக்கிறது. நார்வே குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. இன்ஜினியர்னு பேரு, நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரை எழுப்ப முடியல, சித்தியோட டிசைன் எல்லாம் என்னால போச்சு என்றாயே, உன்னால் ஒன்றும் போகவில்லையம்மா. நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. விண்டோஸ் செத்துப்போன கம்ப்யூட்டரை வெளியிலிருந்து தொடங்கிவைக்க நீ அனுப்பிய ஹார்ட் டிஸ்க் வந்த அன்றைக்கே சித்தி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். தறியில் இழை ஓட்டுகிற நாடா புதிதாக வாங்கினாலும் சாமி காலடியில் வைத்துத்தானே தறிக்குக் கொண்டுபோவோம். இதுவும் அப்படித்தான் மாடத்தில் காமாட்சி படத்தின் கீழே போய் உட்கார்ந்தது. வேலை முடியற வரைக்கும் அங்கேயே இருக்கட்டுங்க, அம்மா பார்த்துக்கினு இருப்பா என்றாள். கம்ப்யூட்டரோ கூடத்தின் இந்தக் கோடியில். இருக்கிற ஒயரையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து, ஏனாத்தூர் வரைக்கும் போகிற நீளத்துக்கு ஒரு ஒயர் கட்டிக் கொடுத்த மகாசிற்பி நான்தான்.

அதன்பிறகு நீ சொன்னதையெல்லாம் செய்தோம். செக்யூர் பூட் என்கிறதை அணைத்தோம், எஃப் பன்னிரண்டு பொத்தானை நான் அடித்த அடியில் வரதராஜர் கோயில் யானையே மிரண்டிருக்கும். எதிலிருந்து தொடங்க என்று கேட்கும் பட்டியலில் உன் டிஸ்க்கின் பெயர் மட்டும் வரவில்லை. வீடியோவில் உனக்குத் திரையைத்தானே காட்டினோம், மாடத்தைக் காட்டவில்லையே. நம்மிடம் புடவை சொல்லியிருந்த சுகாசினியின் கல்யாணப் புடவை டிசைன் கம்ப்யூட்டருக்குள்ளேதான் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆசைப்பட்டுச் சொல்லச் சொல்ல சித்தி வரைந்த யாளி முந்தி, வேறெங்கும் நகல் கிடையாது. தறிக்காரர் ராஜவேலு தினமும் வந்து, டிசைன் வந்தாத்தான்மா தறிக்கு ஓட்டை போட்டு அட்டை அடிக்க முடியும், தறி சும்மா கெடக்குது என்று நின்றுவிட்டுப் போவார். சித்தி எழுந்து உள்ளே போய்விடுவாள், அவளுக்குச் சோறும் சரியாக இறங்கவில்லை.

இன்று காலை மாடம் துடைக்க டிஸ்க்கைக் கீழே இறக்கினாள். வைக்க இடமில்லாமல் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்து, இவ்வளவு கிட்டக்க இருக்குது, அந்த நீள ஒயர் எதுக்கு என்று டிஸ்க்கோடு வந்த குட்டி ஒயரை நேராகக் கம்ப்யூட்டர் பின்னால் சொருகினாள். பட்டியலில் பெயர் வந்துவிட்டது. அத்தனை நீள ஒயரில் போய்ச் சேருவதற்குள் கரண்ட் களைத்துப்போய்விடும் போலிருக்கிறது, பாவம் அது என்ன செய்யும். அரைமணியில் எல்லா டிசைனும் வெளியே வந்து, நகலும் எடுத்தாயிற்று. நான் அவள் அழுவாள் என்று துண்டோடு தயாராக நின்றேன். அவளோ திரையில் யாளியைப் பெரிதாக்கிப் பார்த்து, வாலு மெலிசா இருக்குதுங்க, கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க என்று திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

நீ தீர்க்காயுசாக, மனம் கலங்காமல் இருக்கவேண்டும் என்று காமாட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. இன்னும் ஒன்று. கீர்த்தியை அழவச்சிட்டேனே, எந்த மூஞ்சியோட பேசறது என்று சித்தி போனைத் தொடமாட்டேன் என்கிறாள். நீயே கூப்பிடு. மாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதே, யாளிக்கு வால் சரியாக வந்ததா என்று மட்டும் கேள். மற்றதை அவளே சொல்லுவாள்.

உன் அன்புச் சித்தப்பா,
நமச்சிவாயம்